தாளம் தப்பும் சபையில் குணாளன்

யோங் பெங் பட்டணத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்குக் குணாளன் மூன்று வருடமாகப் போகிறார். இந்த மூன்று வருடத்தில் ஒரு பாட்டுக்குக்கூட வாயைத் திறந்ததில்லை, கையைத் தட்டியதில்லை. சுற்றிலும் எல்லோரும் கைகளை உயர்த்திக் கண்ணீர் விடும்போது, இவர் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல நிற்பார். அண்ணனுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சபையார் முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் காதில்தான்.

குணாளனுக்குப் பலகை ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. ஆனால் இருபது வருடம் அவர் உருமி மேளக்காரர். தங்காக்கிலிருந்து பொந்தியான் வரைக்கும் கோயில் திருவிழாக்களில் அவருடைய குழு இறங்கினால், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் கால் தானாக ஆடும். அப்படிப்பட்ட காதோடு இந்தச் சபைக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? முப்பத்தைந்து பேர், முப்பத்தைந்து தாளம். டோலக் வாசிக்கும் ஜீவன் ஏதோ ஒப்பேற்றுவான். அதையும் கெடுக்க முன்வரிசையில் காளியம்மாவின் சலங்கை வைத்த டாம்பரின்.

காளியம்மா ஹைவே ஓய்விடத்தில் கழிவறை கழுவுகிறவர். ஞானஸ்நானத்தின்போது பாஸ்டர் சுகுமாறன் மரியாள், மார்த்தாள், ரூத் என்று மூன்று பெயர்களைச் சொல்லி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"ஐசி கார்டுல பேர மாத்த லீவு போட்டு வரிசையில நிக்கணும் பாஸ்டர். ஆண்டவருக்கு என்னைய இந்தப் பேர்லயே தெரியும்லா" என்று சொல்லிவிட்டார் காளியம்மா.

பெயரை விடாத அம்மாள் டாம்பரினையும் விடவில்லை. பாட்டு ஒரு பக்கம் போகும், அவருடைய அடி ஒரு பக்கம் போகும். கடைசி வரைக்கும் இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

குணாளன் பாடு பரிதாபம். குடித்துக் குடித்து ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மனைவி கஸ்தூரி கும்பிடும் ஆண்டவரிடம், "காப்பாத்துங்க, வந்து நன்றி சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவர் காப்பாற்றிவிட்டார். இவரும் வந்துவிட்டார். நன்றிதான் வாயைவிட்டு வரமாட்டேன் என்கிறது. ஒரே ஒரு பாட்டையாவது முழு மனதோடு பாடிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் குளித்து முழுகிக் கிளம்புவார். முதல் அடியிலேயே காளியம்மா கவிழ்த்துவிடுவார். உடனே மனம் ஆண்டவரை அம்போ என்று விட்டுவிட்டுத் தப்புகளை எண்ண ஆரம்பிக்கும். வீட்டுக்குப் போனதும் அத்தனையையும் கஸ்தூரியிடம் ஒப்பிப்பார்.

"நீங்க ஆராதிக்கப் போறீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்தப் போறீங்களா?" என்று கஸ்தூரி கேட்பார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜீவன் ஓவர்டைம் என்று வரவில்லை. யாராவது டோலக் வாசிப்பீர்களா என்று பாஸ்டர் கேட்டு முடிப்பதற்குள், கஸ்தூரி கணவரின் விலாவில் ஓர் இடி இடித்தார்.

வாசித்தார் ஐயா, வாசித்தார்! மூன்று வருடம் அடக்கி வைத்ததை எல்லாம் ஒரே பாட்டில் கொட்டித் தீர்த்தார். சபையார் ஒவ்வொருவராகப் பாடுவதை நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்கள். கடைசியில் பாஸ்டரும் வாயைப் பிளந்து நின்றார். பாட்டு முடிந்ததும் ஒரே கைதட்டல்.

"அலமாக்! அண்ணன் இவ்ளோ நாளா எங்க ஒளிஞ்சிருந்தாரு?" என்று பின்வரிசையில் யாரோ வியந்து கத்தினார்கள்.

குணாளனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, ஆண்டவர் என்று ஒருவர் இருக்கிற ஞாபகமே அப்போது அவருக்கு இல்லை.

அந்தக் குளிர்ச்சியோடு திரும்பியவர், காளியம்மா டாம்பரினைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைப்பதைப் பார்த்தார். ஏனோ மனம் கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் போனார்.

"ஏங்க்கா உள்ள வைக்கிறீங்க?"

"நீ நல்லா வாசிக்கிற தம்பி. நான் அடிச்சா கெட்டுப்போயிரும்."

"அதெல்லாம் இல்லக்கா."

"எனக்குத் தாளம் வராதுன்னு எனக்கே தெரியும்ப்பா. வாரம் பூரா இந்தக் கை அடுத்தவங்க அழுக்கத்தான் தொடுது. இங்க வந்து ஆண்டவருக்குன்னு அடிக்கிறப்பதான், இது என் கைன்னு தோணும். அதான் அடிச்சேன்."

குணாளனுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வருடமாக இந்தக் கையின் தப்புகளைத்தானே எண்ணிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"வெளிய எடுங்கக்கா. நீங்க அடிங்க, நான் உங்க பின்னால வர்றேன்."

அடுத்த பாட்டைக் காளியம்மா ஆரம்பித்தார். தப்பாகத்தான் ஆரம்பித்தார். குணாளன் பின்னாலேயே போனார். அவர் ஓடினால் இவரும் ஓடினார், அவர் நின்றால் இவரும் நின்றார். இருபது வருடம் மேளம் அடித்த கை, அன்றைக்குத்தான் பழக வந்ததைப் போலத் தடவித் தடவி வாசித்தது. அடுத்த அடி எங்கே விழும் என்று அந்த அம்மாளுக்கே தெரியாதபோது எதை எண்ணுவது? மூன்றாவது சரணத்தில் எண்ணுவது நின்றுபோயிற்று. எப்போது வாய் திறந்தது என்று அவருக்கே தெரியவில்லை. குரல் மகா மட்டம். ஈரல் தேறியதற்கு, கஸ்தூரி கைவிடாமல் இருந்ததற்கு, இன்றைக்கு உயிரோடு இங்கே இருப்பதற்கு என்று எல்லா நன்றியும் சேர்ந்து பொங்கி வர, கண்ணிலும் மூக்கிலும் ஒழுக ஒழுகப் பாடினார். ஒருவரும் படம் பிடிக்கவில்லை. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பிரதர், ரெண்டாவது பாட்டுல தாளம் போயிருச்சே?" என்று பாட்டு முடிந்ததும் பாஸ்டர் குனிந்து காதோடு கேட்டார்.

"போயிருச்சு பாஸ்டர்" என்றார் குணாளன், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த பாட்டு என்ன?"