அப்பா வழியாக வந்தது

அந்தச் சித்திரை வெயிலில் சித்தப்பா பனியனைக் கழற்றாமல் பம்புசெட்டில் குளித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடி அண்ணாமலையில் வேர்க்கடலை பயிரிட்டவர். வருஷம் முழுக்க வெற்றுடம்போடு நிலத்தில் நின்றவர். சித்தி கேலி செய்து சிரித்தார். சில நாளில் பனியனின் இடது பக்கம் ரத்தக் கறை படிந்தது. மார்க்காம்புக்குக் கீழே இருந்த கட்டியை மாதக்கணக்கில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்.

மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். பெஞ்சு முழுக்கப் பெண்கள். நடுவில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "கூட வந்தவங்கள்லாம் வெளிய நில்லுங்க" என்று பணிப்பெண் அவரைத்தான் எழுப்பினாள். நோயாளி தான்தான் என்று சொல்ல வாய் வராமல் என்னைப் பார்த்தார்.

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும், "குடி கிடையாது டாக்டர், தினம் உழைக்கிற உடம்பு" என்றார், வழக்காடுவதைப் போல.

"குடியும் ஜாஸ்தி எடையும் ஆபத்தக் கூட்டும், உழைப்பு குறைக்கும். அது நெசந்தான். ஆனா ஆம்பளைக்கு வந்தா குடும்ப வழியா இருக்குமான்னு பார்க்கணும்ங்க. வீட்ல வேற யாருக்காவது வந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க அக்காவுக்கு" என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. அத்தை வயிற்றுவலியில் இறந்ததாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

"அப்பாகிட்டேருந்தும் பொண்ணுக்குப் போகலாம். உங்க பொண்ண டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லுங்க."

பஸ்ஸில், "இப்பத்தான் அவளுக்குப் பேசி முடிச்சிருக்கு. சொன்னா நின்னுடும்மா" என்றார்.

"சொல்லலன்னா சித்தப்பா?" என்றேன்.

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். என் தங்கை அதை மாப்பிள்ளை வீட்டிலும் மறைக்கவில்லை. கல்யாணம் நின்றது. சித்தி அவரோடு பேசுவதை விட்டார். வேளாவேளைக்குக் கஞ்சி வைத்தார், புண்ணைத் துடைத்தார், பேசவில்லை. தை மாதம் அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

தங்கை இப்போது வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அப்பா வழியாக வந்த மரபணுக் கோளாறு அவளுக்கும் இருப்பதை ரத்தப் பரிசோதனை காட்டியது. தவறாமல் ஸ்கேன் எடுத்து வந்ததால், போன வருஷம் கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்து அகற்றினார்கள். "அப்பா கம்முனு இருந்திருந்தா நான் லேட்டாத்தான் பார்த்திருப்பேன்க்கா" என்றாள். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் பரிசோதித்துக்கொண்டேன். ஒரே குடும்பத்து ரத்தம்தான். எனக்கு இல்லை என்று வந்தது. போனில் சொன்னேன்.

"நல்லதுக்கா" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்; குரலில் தெரிந்தது. நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.