அம்மாவின் போட்டோவுக்கு வந்த கடிதம்

எங்கள் கோயில் பாதரின் தயவில் எனக்கு வெள்ளைக்கார அத்தை ஒருத்தி இருந்தாள். வேல்ஸ் என்ற நாட்டில் இருந்துகொண்டு, பெருநகர் என்ற கிராமத்துக்குப் பக்கத்துக் காலனியில் இருந்த என்னைப் படிக்கவைத்தாள். வருஷத்துக்கு ஒரு தரம் நாங்கள் குடும்பத்தோடு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் கடிதம் எழுதுவாள். உத்திரமேரூரில் இங்கிலீஷ் மீடியத்தில் நான்காவது படித்த நான்தான் அதை வாசித்துத் தமிழில் சொல்லும் பெரிய பண்டிதை.

அந்த வருஷம், போட்டோவில் உன் அம்மா 'ப்ரவுட்' ஆகத் தெரிகிறாள் என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்த வார்த்தை தெரியாது. டிக்‌ஷனரியைப் பிரித்தேன். பெருமிதமான, கர்வமுள்ள, திமிர்பிடித்த என்று மூன்று அர்த்தம் போட்டிருந்தார்கள். இதில் எது என் அம்மாவுக்கு என்று மட்டும் போடவில்லை.

மூன்றாவதைப் பார்த்ததும் பகீரென்றது. கொஞ்ச நாள் முன்னால்தான், நாற்று நடப்போன இடத்தில் நிலத்துக்காரர் வீட்டம்மா எல்லாரையும் கையேந்தச் சொல்லித் தண்ணீர் ஊற்ற, அம்மா மட்டும் தன் டம்ளரை நீட்டியிருந்தாள். திமிர் பிடித்தவள் என்று அதிலிருந்து அவளை நடவுக்குக் கூப்பிடுவதில்லை. இப்போது சீமையிலிருந்தும் அதே பேச்சா? எனக்கு அம்மா என்றால் உயிர். அவள் அழுதுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"நீ அழகா கீறேன்னு எழுதிக்கீறாங்கம்மா" என்றேன்.

அம்மா வீட்டிலிருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தாள். அதில் தாடையைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பே இல்லாமல், போலீஸ்காரர் மாதிரி நின்றிருந்தாள்.

"இந்த மூஞ்சியப் பாத்தா அழகுன்னாங்க? பொய் சொல்லாதடி. இன்னா எழுதிக்கீது?"

மூன்றையும் சொன்னேன், கடைசியை ரொம்ப மெதுவாக.

"திமிரா?" என்று கேட்டாள் அம்மா. பிறகு உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "அதான், அதான். ஆமான்னு எழுதி அனுப்புடி."

பாவம், அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்தேன். வைதவளிடமே போய் ஆமாம் என்றால் என் படிப்பு என்னாவது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, என் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை, ரொம்ப அடக்கமானவள், தயவுசெய்து மன்னித்துவிடுங்கள் என்று பதில் எழுதினேன்.

"நான் சொன்ன மாதிரியே எழுதிக்கீறியா?" என்று கேட்டாள்.

"எழுதிக்கீறேம்மா."

அம்மா பேனாவை வாங்கி, கடிதத்துக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.