டைம் ஆபீஸ் ஜன்னலில் முப்பத்து நான்கு கேள்விகள்

1998 ஆகஸ்ட் 12, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மூன்று நாளாக விடாத தூறல். நான் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. மெயின்டெனன்ஸுக்கு நான்கு முறை எழுதிப் போட்டிருந்தேன். திடீரென்று, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் சத்தம் நின்றது. பதினாறு பிரஸ்களும் நின்றுவிட்டன. போசரியில் எங்கள் தொழிற்சாலையில் கரண்ட் போனால்தான் அப்படி ஆகும். ஆனால் என் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் நான் படித்த படிப்பால் வந்தது.

வேலை பார்க்கும் பெரியவர்களுக்கென்று சின்ச்வடில் ஞாயிறுதோறும் ஒரு பி.ஏ. வகுப்பு நடந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அதில் நான் கடைசி வருடம். வரும் டிசம்பரில் எங்கள் கம்பெனியில் ஓர் ஆபீசர் இடம் காலியாகவிருந்தது. பட்டம் இருந்தால்தான் கிடைக்கும். அதை விட்டால் என் ஓய்வுக்குள் இன்னொரு இடம் வராது. பாக்கி இருந்தது ஒரே பேப்பர், 'தொழிலும் தொழிலாளரும்'. அதற்கு இருபது தொழிலாளர்களைப் பேட்டி கண்டு அறிக்கை தர வேண்டும். பாடம் எடுத்தவருக்கு வயது இருபத்தாறு. ஃபேக்டரி வாசலைக்கூடப் பார்த்திராதவர். முப்பத்து நான்கு கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுத்தார். வயது என்ன, சர்வீஸ் எத்தனை வருஷம், கடன் எவ்வளவு, இந்த வேலை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள். பேர்களை யாருக்கும் வெளியிடக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எனக்கு வசதியான இடம் டைம் ஆபீஸ் ஜன்னல். ஷிஃப்ட் முடிந்து கார்டு பஞ்ச் பண்ண வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். பதினான்கு பேர் முடிந்தார்கள். அந்த ஜன்னலில் ஒருவனுடைய சர்வீஸ் வருஷத்தை எப்போது கேட்போம்? அவன் கணக்கை முடிக்கும்போது மட்டும்தான். இருபத்தாறு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. போதாததற்கு, பக்கத்துக் கம்பெனியில் அந்த மாதம்தான் வி.ஆர்.எஸ். என்று சொல்லி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பிரஸ் ஷாப்புக்கு ஓடினேன். யூனியன் கமிட்டி மெம்பர் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து இந்த மராத்திச் சீமைக்கு வந்த குடும்பம். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பக்கத்து ஊரான தேஹு ரோடு.

"இன்னா சார், லிஸ்ட் முடிஞ்சிதா?"

"என்ன லிஸ்ட்? நான் பி.ஏ. படிக்கறேன்யா."

"இந்த வயசுலயா? எங்க அண்ணன் பொண்ணுகூடத்தான் பி.ஏ. படிக்குது. அது யாரையும் கடன் எவ்ளோன்னு கேக்கலியே."

"பரீட்சைக்கு வேணும், ஏழுமலை. பாடத்துல இருக்கு."

"அச்சா. வேலை போனா இன்னா பண்ணுவேன்னு கேட்டதும் பாடமா? உங்ககிட்ட பதில் சொன்ன ஷிண்டே ராத்திரி முச்சூடும் தூங்கல சார். தீபாவளி கழிச்சி பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கான்."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "சார், என் கடனுக்கு எவ்ளோ மார்க்கு?"

பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். ஏழுமலை அதைத் தொடக்கூட இல்லை. "புக்கு இருக்கட்டும். தாளு யார்கிட்ட போவுது? அத சொல்லுங்க."

யாரிடமும் போகாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். பதினொன்று ஐந்துக்குப் பிரஸ்கள் ஓடின. நாற்பத்தைந்து நிமிடம் உற்பத்தி நஷ்டம்.

பதினொன்றரைக்குப் பர்சனல் மேனேஜர் கூப்பிட்டார். மெமோ வரும் என்று போனால் டீ வந்தது. அவர் ஹிந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"ராமநாதன்ஜி, பதினாலு பேரைக் கேட்டீங்களாமே. வேலையை விட்டா ஊருக்கே போயிடுவேன்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

"அஞ்சு பேர் சார்." எண்ணிக்கை கேட்டால் என் வாய் நிற்காது.

"யார் யாரு? அந்தத் தாளெல்லாம் கொண்டாங்க. நான் ஆள் விட்டுக் கேட்டா ஒருத்தன் பேச மாட்டான். டிசம்பர் இன்டர்வியூ போர்டுல நானும் இருக்கேன், தெரியுமில்ல?"

"அது காலேஜ் பேப்பர் சார்."

"காலேஜுக்கு ஜெராக்ஸ் குடுங்க."

ஆக, ஏழுமலை கேட்ட லிஸ்ட், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற லிஸ்ட், உண்மையிலேயே இருந்தது. அதைச் சம்பளம் வாங்காமல் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போய்ப் பதினான்கு தாள்களையும் அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். ஷிண்டே தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பதினான்கு பேரில் ஒருவரான ஏழுமலை தன் தாளை நிதானமாக வாசித்தார்.

"முப்பதாயிரம்னுதான சொன்னேன்? நாப்பதுன்னு போட்டுக்கினு இருக்கீங்க."

"நாற்பதுன்னுதான் சொன்னே."

"அப்போ வட்டியோட சொல்லியிருப்பேன்."

ஸ்கேல் வைத்து நான் கோடு போட்ட தாள்கள் அவை. இரண்டு பேர் அதில் பஜ்ஜி எண்ணெய் துடைத்தார்கள்.

திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். "சரி" என்றார், அவ்வளவுதான். வகுப்பில் பாடம் எடுத்த அந்த இளைஞர், "டேட்டாவைத் திருப்பிக் கொடுக்கற மெத்தட் எதுவும் கிடையாது சார்" என்று பூஜ்யம் போட்டார். ஆபீசர் இடம் டிசம்பரில் ஸ்டோர்ஸில் இருந்த ஒருவருக்குப் போனது.

மறு வருடம் அதே பேப்பரை மறுபடி எழுதினேன். இந்த முறை ஜன்னல் இல்லை, தாள் இல்லை. கேன்டீன் பெஞ்சில் டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தேன். ஏழுமலை விடவில்லை. "மொதல்ல உங்க கடன் எவ்ளோ? நீங்க சொல்லுங்க சார்." நிக்டியில் நான் வாங்கிய வீட்டின் கடனைப் பைசா சுத்தமாகச் சொன்னேன். என்னுடையது அவருடையதைவிட அதிகம் என்று தெரிந்ததும் பெஞ்சில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். அதற்கப்புறம் இருபது பேரும் பேசினார்கள். ஒருவர்கூடக் கேள்வி வரிசைப்படி பேசவில்லை. பேர் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஐம்பத்திரண்டு மார்க்கில் பாஸ்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வித்தாளோடு அலைகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவரிடம் கேட்கப் போகும் முன், அவர் சொல்லும் பதில் யாருடைய மேஜைக்குப் போகும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் கேட்காதீர்கள்.

எனக்கு ஆன செலவையும் எழுதிவிடுகிறேன். ஆபீசர் கிரேடுக்கும் என் கிரேடுக்கும் மாதம் 640 ரூபாய் வித்தியாசம். ஓய்வு பெறும் வரை நாற்பத்தாறு மாதம். மறுபடி எழுதக் கட்டிய ஃபீஸ் 450. டீ ஐம்பத்தெட்டு கிளாஸ், இரண்டரை ரூபாய் வீதம் 145. ஆக மொத்தம் முப்பதாயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.