அத்தை வாங்கிய நாலு ஸ்கொயர் கம்பி

கம்பியின் மேலுறை உருகிச் சொட்டிய இடங்களில் அத்தையின் வலது கை கொப்பளித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவர் முனகவில்லை. "நாலு ஸ்கொயர்தானே போட்டோம் கண்ணு? அப்புறம் எப்படிப் பத்துச்சு?" என்று என்னிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. தொண்ணூறுகளில் சூலூர்ப் பக்கம் நூல் முறுக்கும் பட்டறை நடத்தினார். ஐந்து ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிப் பத்து மாட்டியபோது பழைய கம்பியே போதும் என்றார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. முழுப் பாரத்தில் மோட்டார் பதினைந்து ஆம்பியர் இழுக்கும். அதைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தாங்கும் கம்பி வேண்டும். குழாய்க்குள் நெருங்கிக் கிடந்தால் சூடு வெளியேறாது, அதற்கு இன்னும் கொஞ்சம் தடிமன். இப்படி விதிப்படி கணக்குப் பார்த்து, கோவையில் அப்பா வைத்திருந்த எலக்ட்ரிக்கல் கடையிலேயே நாலு ஸ்கொயரில், அதாவது உள்ளே செம்பு நாலு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள, புதுக்கம்பி வாங்கினார்.

கல்லூரி விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தபோதுதான் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மெஷினுக்குத் திரும்பிய நேரம். சுவரோரக் குழாயிலிருந்து கரும்புகை வந்தது. ஃபியூஸ் போகவில்லை, மோட்டாரும் நிற்கவில்லை. ஆட்களை வெளியே விரட்டிவிட்டு, எரிகிற கம்பிக்கு அடியில் கையை நீட்டி அத்தை மெயின் சுவிட்சை இறக்கினார்.

அப்பா பட்டறைக்கு வந்ததும் வயர்மேனைத்தான் திட்டினார். அளவு சரிதான் என்று காட்டுவதற்காக, மீந்து கிடந்த துண்டை எடுத்துத் தானே சீவினார். பிளாஸ்டிக் உறை சீவச் சீவ வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்த செம்பு ஒன்றரை ஸ்கொயர்கூடத் தேறாது. அப்பா அதை விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குத் திரும்பியதும் ஒவ்வொரு சுருளாக வெட்டினார். அந்த லோடில் வந்தது எல்லாமே அப்படித்தான் இருந்தது. அனுப்பிய மொத்த வியாபாரியிடம் போனில் கேட்டதற்கு, "எல்லாக் கடையிலயும் இதானுங்க ஓடுது" என்று சிரித்தாராம். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அக்காவைக் கொல்லப் பார்த்த மனிதன் தான்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

அந்தக் கம்பியை வாங்கியவர்களைத் தேடி மேட்டுப்பாளையம் வரை போனார். பாதிப் பேர் நம்பவில்லை. "ஓடிட்டிருக்கறதை எதுக்குங்க கழட்டோணும்?" என்று திருப்பி அனுப்பினார்கள். இதைக் கேள்விப்பட்ட அத்தை, கட்டுப் போட்ட கையோடு மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வேண்டாங்க்கா" என்றார் அப்பா.

"நீ சொன்னா நம்ப மாட்டாங்க தம்பி. நட, நானும் வாரேன்."

முதலில் போன பட்டறைக்கு நானும் கூடப் போனேன். முதலாளி நம்பாமல் சிரித்தபோது, அத்தை அவர் முன்னாலேயே கட்டைப் பிரித்துக் காட்டினார்.

"என்ற தம்பி வித்த கம்பிதானுங்க இது. மெயினை நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். அப்பா கம்பியைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றி முடிக்கும்வரை அவர் அத்தையின் பக்கம் திரும்பவேயில்லை.