சுவரில் முளைத்த காளான்

வெண்ணந்தூரில் சிப்பிக்காளான் வளர்த்து விற்கும் சத்யபிரியாவைத் தேடிச் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஷாலினி சிற்பி. சபரிநாதன் ஈரத்தை அளக்கும் கருவிகள் செய்பவர். ஜவ்வரிசி ஆலைகள் ஒதுக்கும் மரவள்ளிச் சக்கையான திப்பியில் காளான் வித்தைக் கலந்து, அச்சில் வளர்த்து, சேலத்தில் நடக்கவிருந்த கலைக் கண்காட்சிக்காகச் சுவரில் மாட்டும் பலகைகள் செய்ய நினைத்தார்கள்.

சத்யபிரியாவின் கொட்டகையில் மூன்று வாரத்தில் திப்பி முழுக்கக் காளானின் வெள்ளைப் பூசண இழைகள் படர்ந்து பலகைகள் கெட்டியாகின.

"இனி சூடுபடுத்திட்டா வளர்ச்சி நின்னுடும். கண்காட்சியில மாட்டிடலாம்" என்றாள் ஷாலினி.

சத்யபிரியாவுக்கு மனம் ஒப்பவில்லை. அரும்பு விடப் போகும் நேரத்தில் எதையும் அவள் அழித்ததில்லை.

"ஏனுங்க, ஒண்ணையாச்சும் உசுரோட உட்டுருங்க. நானே வந்து தண்ணி தெளிக்கறேனுங்க."

அந்த ஒரு பலகையில் சபரிநாதன் தன் கருவியைப் பொருத்தினார். சேலத்தில் நடந்த கண்காட்சிக்கு அவள் தினமும் பஸ் ஏறிப் போனாள். ஈரம் போதும் என்று கருவி காட்டினாலும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே நம்பினாள். ஐந்தாம் நாள் பலகையின் ஓரத்தில் காளான்கள் கொத்தாக விரிந்திருந்தன. கண்காட்சி பார்க்க வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ஷாலினி தங்கள் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரையும் எழுதினாள். "உங்களைக் கலைஞர்னு போடட்டுமா?"

சத்யபிரியா பலகையில் தண்ணீர் தெளித்தபடியே சொன்னாள்.

"காளான் வளர்க்கறவள்னே போடுங்க. அதைத்தானுங்க நான் செஞ்சேன்."