தலைவருக்குச் சிங்கம்

எங்கள் அச்சகத்தில் சின்னம் வரைகிறவர், படத்தைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பின்பக்கமாகவே நடந்துபோய்ச் சுவரில் இடித்துக்கொள்வார். இடித்தால் சின்னம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் அதை வாடிக்கையாளர் முன்னால் வைத்து, "நீங்களே சொல்லுங்க, என்ன தெரியுது?" என்பார். எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். "அதேதான் சார்."

அச்சகத்தில் அவருக்குப் பெயரே 'அதேதான்'. நான் பக்கத்து மேசையில் பிழை திருத்துகிறவன். இந்தக் கூத்தைப் பல வருடமாகப் பார்க்கிறேன். நீச்சல் சங்கத்துக்கு அலை வரைந்தார். மீன் பிரமாதம் என்று வாங்கிப் போனார்கள். சைக்கிள் கழகத்துக்கு வரைந்த சக்கரம் சூரியனாகி, அதற்குப் பாட்டுக்கூடக் கட்டிவிட்டார்கள். ஏனய்யா இப்படி என்றால், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, "கண்ணு அவங்களோடது. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?" என்பார். மனுஷன் கடிக்காத மூடி எங்கள் கட்டடத்திலேயே கிடையாது.

போன வாரம் கால்பந்துக் கழகம் வந்தது. பெண்கள் அணிக்குச் சட்டையில் போடச் சின்னம் வேண்டுமாம். அந்த அணியில் அவர் மகளும் ஆடுகிறாள். பெண்கள் எல்லோரும் குதிரைதான் வேண்டும் என்றார்கள். குதிரைதான் என்று இவரும் மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பிடரி பறக்க, முன்னங்கால் தூக்கிய குதிரை, மொத்தமே நாலு கோட்டில். கோடு விஷயத்தில் அவர் மகா கஞ்சர்.

கழகத்தின் தலைவர், செயலாளர், பயிற்சியாளர் மூவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் தனித்தனியாக வந்தார்கள். செயலாளர் தீச்சுடர் என்றார். அதேதான் சார். பயிற்சியாளரோ, உயர்த்திய முஷ்டி என்று கண் கலங்கினார். அதேதான் சார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கழகத்தில் மூவரும் ஒத்துப்போகப் போகிற முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாகத் தலைவர் வந்தார். சிங்கம் என்றார். சிங்கமாக இல்லாவிட்டால் வேலையை அடுத்த தெரு அச்சகத்துக்குக் கொடுத்திருப்பேன் என்றும் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, பயிற்சி முடிந்து மண் ஒட்டிய பூட்ஸோடு மகள் உள்ளே வந்தாள்.

"பாரும்மா, உங்க சிங்கம்," என்றார் தலைவர்.

அவள் படத்தைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். "குதிரைன்னு சொன்னீங்களேப்பா. டீம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"அதே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். யாருக்குச் சொல்வது? முதலாளி வேறு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். தலைவர் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

'அதேதான்' கையை நீட்டி, தலைவரின் விரலிடுக்கிலிருந்தே பேனாவை உருவினார். படத்தைத் தன் பக்கம் திருப்பி, தூக்கிய முன்னங்காலின் நுனியில் கறுப்பாக, அழுத்தமாக, ஒரு குளம்பு வரைந்தார்.