காதுக்காரரும் பின்சக்கர முனகலும்

காதுக்காரருக்குக் காது போய்விட்டதாம். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ துக்கச் செய்தி போலச் சொன்னார். உமக்கு யார் சொன்னது என்று விசாரித்தால், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கை காட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரோ, தன் மனைவிக்குப் பல் பிடுங்கப் போன இடத்தில் பேச்சு அடிபட்டதாகச் சொன்னார். அவர் கைக்கு வருவதற்குள் விஷயம் நன்றாகச் சதை போட்டிருந்தது. ஒரு காது முழுசாக அவுட், இன்னொன்று எத்தனை நாள் தாங்குமோ தெரியாது என்று டாக்டரே கைவிரித்துவிட்டாராம்.

எந்த டாக்டர்? பல் டாக்டர்.

பல்லுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கிளினிக் வரைக்கும் போய்க் கேட்டால், டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "என் காருக்குப் பின்னாடி ஊங்னு ஒரு சத்தம். நம்ம காதுக்காரரும் ரெண்டு தடவை சரி பண்ணிக் குடுத்துட்டாரு. போன சத்தம் திரும்பத் திரும்ப வருது. பாவம், மனுஷனுக்கு இப்பல்லாம் சரியா கேக்கறதில்ல போல."

அன்றைக்கு இதைக் கேட்டுக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மனைவி வாயைப் பிளந்து, கன்னத்துக்குள் பஞ்சு அடைத்து, நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். அந்த நாற்காலியில் கிடக்கும்போது சொல்லப்பட்ட எதையும் இதுவரை எவரும் மறுத்துப் பேசியதில்லை.

வதந்தி எல்லாத் தெருவையும் சுற்றிவிட்டுச் சம்பந்தப்பட்டவரிடம் கடைசியாக வந்தது. முதல் தடவையிலேயே அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

காதுக்காரர் கார் மெக்கானிக். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் இருக்கிறது. அவருடைய ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கார் நிற்கலாம். மூன்றாவது உள்ளே வந்துவிட்டால், முதலில் வந்த கார் வெளியே போவதற்கு மற்ற இரண்டின் சொந்தக்காரர்களும் மனசு வைக்க வேண்டும். வண்டி வந்ததும் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு அவர் கண்ணைத் திறந்து, "டென்ஷனர்" என்றோ "வால்வு" என்றோ ஒற்றை வார்த்தை சொல்வார். முப்பது வருஷமாக அந்த ஒற்றை வார்த்தைதான் சோறு போட்டது.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அவருக்குத் தூக்கம் வருகிறது. முட்டி இரண்டும் அவரோடு கலந்து பேசாமல் முடிவெடுக்க ஆரம்பித்துவிட்டன. காருக்கடியில் படுத்தால் எழுந்திருப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்து, எழுந்திருக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறார்.

இதெல்லாம் அவர் மைத்துனருக்குத் தெரியும். ஊருக்கு வெளியே அந்த மைத்துனருக்குப் பெரிய சர்வீஸ் சென்டர் இருக்கிறது, ஏசி இருக்கிறது, காரில் ஒயரைச் செருகினால் வியாதியை எழுதிக் காட்டும் கம்ப்யூட்டர் இருக்கிறது. அங்கே முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி காதுக்காரருக்காகக் காலியாகக் கிடந்தது.

"சும்மா உட்காந்து வர்ற கஸ்டமரப் பாத்து சிரிச்சா போதும் மாமா."

"சிரிச்சுப் பழக்கமில்ல மச்சான்."

"அப்ப சிரிக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

காதுக்காரருக்கு அந்த நாற்காலி மேல் ஆசைதான். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். முடியாமல் போய் ஓடிவிட்டார் என்று நாலு பேர் பேசக்கூடாது. அது ஒன்றுதான் தடுத்தது. இந்த நிலையில்தான் வதந்தி வந்தது. காது போய்விட்டது என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. மரியாதையாகக் கடையைச் சாத்திவிட்டு, மரியாதையாகச் சுழலலாம்.

"ஏங்க, உங்களுக்குக் காது கேக்கலையாமே?" என்றாள் மனைவி.

"நீ சொல்றது கேக்குதே."

"நான் சொல்றது அடுத்த தெருவுக்கே கேக்கும். அத வச்சு முடிவு பண்ண முடியாது. போய் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

அவர் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் டெஸ்ட் எடுக்கும் பெண் கதவைத் திறந்தாள்.

"சார், நான் சத்தம் குடுக்காதப்பவும் அழுத்தறீங்க."

"ஏதோ ஒண்ணு ஓடுதேம்மா. விட்டு விட்டு."

அந்தப் பெண் காதைத் தீட்டிப் பார்த்தாள். வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தாள். "அது பின்கட்டடத்துல தண்ணி மோட்டார் சார். அதையெல்லாம் கணக்குல எடுக்காதீங்க."

கடைசியில் காகிதத்தை நீட்டி, "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல காது" என்றாள். கேட்டவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், நல்ல செய்திதானே?" என்றாள்.

"நல்ல செய்திதாம்மா" என்று எழுந்துகொண்டார்.

காது நன்றாக இருக்கிறது. அப்படியானால் அந்த முனகல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. பழி போடுவதற்கு இனிக் காது இல்லை. மிச்சம் இருப்பது அவர்தான்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் கார் மூன்றாவது தடவையாக வந்து நின்றது.

"அண்ணே, ஆரம்பிச்சிருச்சு" என்றார் டாக்டரம்மா. வதந்தியின் தாய் என்கிற அடையாளம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. குரலை மட்டும் கூடுதலாக உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பேசினார். "பின்... னாடி... ஊங்னு."

"கேக்குது டாக்டரம்மா. மெதுவாவே சொல்லுங்க."

ஓட்டிப் பார்த்தார். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. வேகம் ஏற ஏற, பின்னால் யாரோ மூடிய வாயோடு பாடுகிற மாதிரி ஓர் ஊங்காரம். பிரேக் போட்டாலும் அதே ஸ்ருதி. முதல் தடவை இதைக் கேட்டு வலதுபக்கப் பின்சக்கர பேரிங்கை மாற்றினார், சத்தம் போனது. சில மாதத்தில் திரும்பி வந்தபோது இடதுபக்கத்து பேரிங்கை மாற்றினார்; அப்போதும் போனது. இப்போது இரண்டு பக்கமும் புதுசு. ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைக் கையால் சுற்றினார். வெண்ணெய் போலச் சுற்றியது. இருந்தாலும் இடதுபக்கத்துச் சரக்குதான் போலி என்று முடிவு கட்டினார். களைத்துப்போன மனுஷனுக்குக் கிட்டே இருக்கும் முடிவு போதும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டால், சரக்கு இல்லை, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். டாக்டரம்மாவுக்கோ சாயங்காலம் இன்னொரு கிளினிக்குக்குப் போக வேண்டும். "அப்படியே எடுத்துட்டுப் போங்க. சாமான் வந்ததும் கூப்பிடறேன்" என்று சக்கரங்களைத் திரும்ப மாட்டினார்.

மாட்டும்போது வழக்கம்போலப் பின்னால் இருந்ததை முன்னால் போட்டார், முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டார். எந்த வண்டிக்குச் சக்கரம் கழற்றினாலும் அவர் இப்படித்தான். டயர் நாலும் சமமாகத் தேயட்டும் என்ற நல்லெண்ணம். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கழற்றிய சக்கரத்தைக் கழற்றிய இடத்திலேயே மாட்டி அனுப்பினால் வேலையே செய்யாத மாதிரி அவருக்குக் கை ஊறும்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா வந்தார். முகமெல்லாம் பல்.

"நின்னுடுச்சு அண்ணே."

"எது?"

"சத்தம்தான். இந்தத் தடவ என்னமோ பெருசா பண்ணியிருக்கீங்க. உங்களப் போய் நான் தப்பா நெனச்சுட்டேன்."

இந்தத் தடவை காதுக்காரர் ஒன்றுமே பண்ணவில்லை. ஒன்றுமே பண்ணாமல் ஒரு வண்டி குணமானால், பண்ணிக் குணமான முந்தைய இரண்டு தடவையும் எதனால் குணமானது?

"கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, முட்டி அனுமதித்த வேகத்தில் முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினார்; வழுவழு. எதிர்ப்பக்கமாகத் தடவினார், ரம்பம். ரப்பர் கட்டை கட்டையாகச் சாய்வாகத் தேய்ந்து, வரிசையாகப் பல் முளைத்திருந்தது. போன தடவை கழற்றும் வரைக்கும் பின்னால் இருந்த டயர். பின்பக்கம் போய், டிக்கியை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அமுங்கியது ஒரே ஆட்டத்தில் நிற்காமல், தொட்டில் மாதிரி ஆடி ஆடி ஓய்ந்தது. இன்னொரு பக்கமும் அப்படியே.

பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போய் நாளாகிவிட்டது. சக்கரம் ரோட்டில் தத்தித் தத்தி ஓடியதில் டயருக்குப் பல் முளைத்து, அந்தப் பல் ரோட்டில் பட்டுத்தான் ஊங்காரம். பேரிங் மாற்றும்போதெல்லாம் அவருடைய நல்லெண்ணம் அந்த டயரை முன்னால் தூக்கிப் போட்டது. முன்னால் போனால் சத்தம் இன்ஜின் இரைச்சலோடு கரைந்துவிடும். முன்சக்கரத்து ஓட்டத்தில் பல்லும் மெல்லத் தேய்ந்துவிடும். அதற்குள் பின்னால் வந்த டயர் பல் முளைக்கத் தயாராகிவிடும். நோயை மறைத்து வைத்தது அவர் கை. பாராட்டு வாங்கியது பேரிங்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் இன்றைக்கு அவர்தான் கெட்டிக்காரர். இன்னும் சில மாதத்தில் சத்தம் திரும்பும்; அப்போது அவர் ஏசியில் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். திறந்தால், காது போச்சு என்று பேசினவர்கள் இனி வேலையே போச்சு என்று பேசுவார்கள். நேர்மை, நாணயம் என்றெல்லாம் அவர் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. நாலாவது தடவையும் அந்தச் சத்தத்தைக் கேட்க உடம்பில் தெம்பில்லை, அதுதான் காரணம்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணும் பண்ணல. சாமானே இன்னும் வரல."

பிறகு டயரைத் தொட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். தொழில் பாசம் போல, கொஞ்சம் அதிக நேரம் தடவினார்.

"அப்ப முன்ன மாத்தினீங்களே, அது?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"வலிக்கிற பல்ல விட்டுட்டுப் பக்கத்துப் பல்லப் பிடுங்கிட்டீங்க."

"ரெண்டு பல்லு" என்றார் காதுக்காரர்.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நானும் ஒருத்தருக்கு அப்படிப் பிடுங்கியிருக்கேன்" என்றார். "இன்னும் என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாரு. அவர்கிட்ட நான் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல."

டாக்டரம்மா நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பழைய பணத்தத் திருப்பித் தர்றேன்னு பேச்சே எடுக்காதீங்க. ஷாக்க மாத்துங்க. அப்புறம் ஒருநாள் என் பக்கத்து சீட்ல உட்காந்து வாங்க. எது டயர் சத்தம், எது பேரிங் சத்தம்னு எனக்குக் காதுல ஏத்துங்க. இன்னொருத்தர நம்பித்தானே இவ்வளவும் ஆச்சு."

"ஆகட்டும்."

சாயங்காலம் மைத்துனர் போன் பண்ணினார். "என்ன மாமா, டெஸ்ட்ல என்ன சொன்னாங்க?"

"காது நல்லாயிருக்காம்."

"அடடா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அப்ப நாற்காலி?"

"வேற ஆளப் போடு மச்சான். இப்ப வந்தா தப்பு பண்ணிட்டு ஓடி வந்த மாதிரி இருக்கும். தப்பு இங்க கெடக்கறப்ப நான் அங்க போய் எப்படி உட்கார்றது?" சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சொன்னது சரிதான் என்று தோன்றியது. முட்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றியாகிவிட்டது. சக்கரம் கழற்றுவதற்கு முன்னால் இப்போது நாலு டயரிலும் சாக்பீஸால் குறி போடுகிறார். எது எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டுகிறார். கை ஊறினால் துணியில் துடைத்துக்கொள்கிறார்.

பக்கத்து சீட் பாடம்தான் பாக்கி. டாக்டரம்மாவின் கார் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது வேகம் குறையும், கண்ணாடி இறங்கும், புருவம் உயரும். காருக்கடியில் இருந்து கிரீஸ் அப்பிய ஒரு கை வெளியே வந்து, நாளைக்கு என்று ஆடிவிட்டு உள்ளே போகும். கண்ணாடி ஏறும். நாளைக்கும் அப்படித்தான்.